மாவட்ட ஒயின்

எங்கள் வீட்டுக்காரர் ஆரோக்கியசெல்வத்துக்குப் பழசு என்றால் உயிர். அரியலூரில் சரித்திர வாத்தியாராக இருந்தவருக்கு அந்த வியாதி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் பக்கம் போனால் கல்லாகிப் போன நத்தையும் சிப்பியும் பொறுக்கிக்கொண்டு வருவார். இரும்பு அலமாரியின் மேல்தட்டு முழுக்க அதுதான். எது எத்தனை கோடி வருஷத்துக்கு முந்தியது என்று, பால் ஊற்ற வருகிறவரைக்கூட நிற்கவைத்துச் சொல்வார். இந்தக் கதை தொடங்கியபோது நான் அவருக்கு வாக்கப்பட்டு வந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. அந்த நத்தைக்கு இருந்த மரியாதை எனக்கு எப்படிக் கிடைக்கும்?

என் பெயர் அமலோற்பவமேரி. பிறந்த ஊர் ஏலாக்குறிச்சி. தொடக்கப்பள்ளியில் டீச்சர் வேலை. ஆனால் ஊருக்குள் மேரி டீச்சர் என்றால் பாடத்தைவிட ஒயினுக்குத்தான் பெயர். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு கறுப்புத் திராட்சை, சீனி, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயில் துணியால் வேடு கட்டிவிடுவேன். தினமும் மரக்கரண்டியால் கிளறி, பதம் பார்த்து வடிகட்டித் தெளியவிட்டால் கிறிஸ்துமஸுக்குத் தயார். பங்குச் சாமியார் கேட்டு வாங்கிக் குடிப்பார். மடத்துச் சிஸ்டர்கள் 'மருந்துக்கு' என்று ஒரு பாட்டில் வாங்கிப் போவார்கள். அந்த மருந்து புது வருஷத்துக்குள் தீர்ந்துவிடும்.

இத்தனை பேர் சொன்ன நல்ல வார்த்தையை ஒரே ஒருவர் மட்டும் சொன்னதில்லை. கூடவே குடியிருப்பவர்தான். "பரவால்ல மேரி, கொஞ்சம் இளசா இருக்கு" என்பார். அத்தோடு சரி. உள்ளூர் மாடு விலை போகாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஆசை யாரை விட்டது? நான் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. நாலு பேர் முன்னால், அவர் வாயால், "இது எங்க மேரி போட்ட ஒயின், அருமையா இருக்கு" என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்காமல் எனக்குக் கட்டை வேகாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அவருக்கு மூன்று சிநேகிதர்கள். திருச்சியில் கல்லூரி ஹாஸ்டலில் ஒன்றாகச் சோறு தின்றவர்கள். வக்கீல் காசிநாதன், அரியலூர் ஆள். கண்ணையன், ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் வேலை. மூன்றாமவர் ரஹ்மத்துல்லா பாய். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. பெரம்பலூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் அன்று மதியம் நால்வரும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பாய் ஒயினைத் தொடமாட்டார். அவருக்கு மட்டும் திராட்சையை அப்போதைக்கப்போது பிழிந்து ஜூஸ் கொடுப்பேன்.

1995 கிறிஸ்துமஸுக்குப் பாய் ஒரு பெட்டி நிறைய ஜாங்கிரியோடு வந்தார். அந்த வருஷம்தான் திருச்சியிலிருந்து பிரித்துப் பெரம்பலூரை மாவட்டம் ஆக்கியிருந்தார்கள். அரியலூர் அதற்குள் அடக்கம். எங்கள் வீட்டுக்காரருக்கு முகமே சுண்டிவிட்டது.

"ரயிலே போகாத ஊருக்குக் கலெக்டரா? எங்க ஊருல ஸ்டேஷன் இருக்கு, சிமெண்ட் இருக்கு. உங்க ஊருல என்னய்யா இருக்கு?" என்று எகிறினார்.

"ரயிலு வந்தா நிக்காம போயிடும் செல்வம். கலெக்டரு உக்காந்திருப்பாருல்ல!" என்றார் பாய், ஜாங்கிரியை நீட்டிக்கொண்டே.

அந்த ஜாங்கிரியை எங்கள் வீட்டுக்காரர் தொடவில்லை. (மறுநாள் காலையில் பெட்டியில் பாதியைக் காணோம், அது வேறு விஷயம்.) கோபத்தில் எழுந்து அடுப்படிக்குள் வந்தார். அந்த வருஷத்து ஒயினில் மூன்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார். மாதா கோயிலில் பூசை ஒயின் வந்து காலியான பச்சை பாட்டில்கள் அவை. கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் சொல்லி நான் வாங்கி வைத்திருந்தேன். கார்க்கை அழுத்தி, மெழுகுவர்த்தியை உருக்கி மூடியைச் சுற்றி ஊற்றினார். 'அரியலூர் மாவட்டம், 1995' என்று காகிதத்தில் எழுதி ஒட்டினார்.

"அரியலூரு தனி மாவட்டம் ஆகுற அன்னைக்குத்தான் இதைத் தொறக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றார்.

ரோமாபுரியில் படித்துவிட்டு வந்த ஒரு சாமியார், அங்கே ஒயினை இருபது வருஷம், முப்பது வருஷம் வைத்துக் குடிப்பார்கள் என்று எப்போதோ இவரிடம் சொல்லியிருக்கிறார். அது போதாதா?

"ஏங்க, இது வூட்டு ஒயினுங்க. வருஷம் தாங்காது" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும் மேரி? ஒயினை மனுஷனா போடுறான்? காலம் போடுது."

காசிநாதனும் கண்ணையனும் 'ஆமாம்' என்று தலையாட்டினார்கள். திராட்சையைக் கழுவி, காம்பு ஆய்ந்து, நாள் தவறாமல் கிளறி, கை தோல் உரிந்து நான் நிற்கிறேன். போட்டது காலமாம். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டாவது தடவையும் விழுந்தது.

பாட்டில்கள் நத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் அலமாரியில் ஏறின. அடுத்த வருஷம் ஆகஸ்ட் மாதா திருநாளுக்கு வீட்டைத் துடைக்கும்போது ஒரு பாட்டிலில் கார்க் லேசாக எழும்பியிருந்தது. மோந்து பார்த்தேன். குப்பென்றது. மற்ற இரண்டையும் திறந்தேன். மூன்றும் புளித்துக் காடியாகிவிட்டிருந்தன, வினிகர் மாதிரி. இப்படி ஆனது தெரிந்தால் மனிதர் காலத்தைக் குறை சொல்வாரா? 'உன் கை சரியில்லை' என்றுதான் சொல்வார். அதனால் வாயை மூடிக்கொண்டேன். காடியைக் கீழே கொட்ட மனசில்லை. கிறிஸ்துமஸ் வரை அப்படியே மூடி வைத்திருந்து, பூண்டை உரித்து அதில் ஊறுகாய் போட்டேன். கிறிஸ்துமஸ் ஒயின் தயாரானதும் அதையே அந்த மூன்று பாட்டிலிலும் ஊற்றி, அதே மாதிரி மெழுகு உருக்கி, அதே இடத்தில் வைத்துவிட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதே வேலை. பழைய ஒயின் ஊறுகாய்க்கு, புது ஒயின் அலமாரிக்கு. காகிதத்தில் மட்டும் வருஷம் மாறவில்லை.

அந்தப் பூண்டு ஊறுகாய் இருக்கிறதே, அதற்கு வந்த யோகத்தைக் கேளுங்கள். முதல் தடவை போட்டபோதே எங்கள் வீட்டுக்காரர் மூன்று தடவை சோறு வாங்கினார். பாய் வீட்டுக்கு ஒரு பாட்டில் அனுப்பினேன். அவர் மனைவி ஜைனம்பு இன்னொரு பாட்டில் கேட்டு ஆள் விட்டாள். சிநேகிதர்கள் முன்னால் இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "ஊறுகான்னா எங்க மேரி கைதான்யா. இந்தக் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

நான் பூண்டு உரித்ததைத் தவிர அதில் ஒன்றும் செய்யவில்லை. மிச்சமெல்லாம் காலம் செய்தது. அதற்கு என் கையைப் பாராட்டினார். என் கை செய்ததற்குக் காலத்தைப் பாராட்டினார். இந்தக் கூத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

2001 பிறந்தது, அரியலூர் தனி மாவட்டமானது. மாவட்டக் கோரிக்கைக் குழுவில் வக்கீல் தலைவர், இவர் செயலாளர். ஊரெல்லாம் வெடி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டில் விருந்து. பாயும் சாப்பிட வேண்டுமே என்று ஹலால் கடையில் ஆட்டுக்கறி எடுத்து பிரியாணி போட்டேன். மூன்று பாட்டிலில் இரண்டை எடுத்து வந்தார் இவர். மெழுகைக் கத்தியால் பதமாகச் சுரண்டினார். எனக்கு மட்டும் பயம்.

ஏனென்றால் அதற்குள் இருந்தது, பத்துப் பதினைந்து நாளைக்கு முன் கிறிஸ்துமஸ் அன்று பாயைத் தவிர இதே மூன்று பேருக்கும் நான் ஊற்றிய ஒயின். "நல்லாருக்கு டீச்சர், ஆனா இளசு" என்று அன்றைக்குக் கண்ணையன்கூட ஒத்து ஊதியிருந்தார்.

காசிநாதன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "ஆகா! பட்டு மாதிரி எறங்குதுய்யா."

"டீச்சர், கோச்சுக்காதீங்க. உங்க ஒயினு எங்க, இது எங்க!" என்றார் கண்ணையன்.

எங்கள் வீட்டுக்காரர் கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "காலம் பேசுது" என்றார்.

நான் கதவோரம் நின்றுகொண்டு சிரிப்பை அடக்கினேன். உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. பேர் மாறிப் போனால் என்ன, ருசி என்னுடையதுதானே! நாக்கு பொய் சொல்லாது. இவர்கள் மூன்று பேர் நாக்கும் எனக்குச் சாட்சி சொல்லிவிட்டது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்து வந்த வருஷங்களை ஓட்டினேன்.

மூன்றாவது பாட்டிலைக் கண்ணையன் ஏக்கமாகப் பார்த்ததுதான் வினையாகப் போயிற்று. இவர் அதைப் பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். "மாவட்டத்துக்குப் பத்து வயசு ஆகட்டும், அப்பத் தொறப்போம்" என்றார். குளிக்கும்போதுகூட அந்தச் சாவி கழலவில்லை. இனி நான் ஒயின் மாற்ற முடியாது.

மாவட்டத்துக்குப் பத்து வயசு ஆகவில்லை. ஒன்றேகால் வயசில் போய்ச் சேர்ந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை என்று மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். பாய் துக்கம் விசாரிக்க வருவதுபோல் வந்து, சிரிக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். இவர் ஒரு வாரம் மீன் சாப்பிடவில்லை. பீரோப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பாட்டில் உள்ளே கிடந்தது. அரியலூர் வெயிலில், மேற்குச் சுவரை ஒட்டிய பீரோவில், ஏழு கோடை.

2007 நவம்பரில் மறுபடியும் அரியலூர் மாவட்டமானது. இவர் அப்போது ஓய்வு பெற்று, காலையில் பேப்பரும் மாலையில் நத்தையுமாக இருந்தார். செய்தி வந்த அன்று பத்து வயசு குறைந்துபோனார். "மேரி, ஞாயித்துக்கெழம விருந்து! பன்னெண்டு வருஷத்து ஒயின்! ஜில்லாவுலயே யார் வூட்லயும் இருக்காது!"

எனக்குத் தெரியும், உள்ளே இருப்பது என்ன என்று. சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? நான் வேறு கணக்குப் போட்டிருந்தேன். போன கிறிஸ்துமஸ் ஒயினில் ஒரு பாட்டிலை ஃபிரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்தேன். இவர்கள் காடியை வாயில் வைப்பார்கள், முகம் கோணும், ஓடிப்போய்த் துப்புவார்கள். அப்போது நான் ஃபிரிட்ஜைத் திறந்து என் ஒயினை ஊற்றுவேன். "காலத்தை விடுங்க, இதைக் குடிங்க" என்பேன். அந்த நிமிஷத்தில் அந்த ஒரு வார்த்தை வராமல் எங்கே போகும்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தம்ளர்களைக் கழுவித் துடைத்துத் தனியாக எடுத்து வைத்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டேன். பிரியாணி தம்மில் இருக்கும்போதே பாட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சுற்றிலும் நாலு நத்தைக் கல்லை வைத்திருந்தார் இவர். பாட்டில் நடுவில் நின்றது.

கார்க்கைப் பிடுங்கினார். அடுப்படி வரைக்கும் வாசம் வந்தது.

ரஹ்மத்துல்லா பாய் மூக்கை உறிஞ்சினார். "என்னா தங்கச்சி, ஊறுகா போட்டியளா? எங்க வூட்டுக்கு அனுப்புவியளே, அந்தப் பூண்டு ஊறுகா வாசம் வருதே?"

"யோவ் பாய், சும்மா இருய்யா. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன!" என்றார் காசிநாதன். பாயும் சேர்ந்து சிரித்துவிட்டு, தன் ஜூஸை எடுத்துக்கொண்டார்.

நான் ஃபிரிட்ஜ் கதவில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

காசிநாதன்தான் முதலில் குடித்தார். குடித்துவிட்டு அப்படியே நின்றார். கண்ணோரம் தண்ணீர் துளிர்த்தது. எங்கள் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "பட்டு மாதிரி எறங்குதுய்யா."

கண்ணையனுக்கு இருமல் வந்தது. நெஞ்சைத் தட்டிக்கொண்டே, "கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கு. பழசுன்னா அப்படித்தானே?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், கோச்சுக்காதீங்க. உங்க ஒயினு எங்க, இது எங்க!" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் கடைசியாகக் குடித்தார். தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "காலம் பேசுது" என்றார்.

ஃபிரிட்ஜ் கதவை நான் திறக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டேன். அதே வார்த்தைகள், ஒரு எழுத்து மாறாமல். அப்படியானால் ஏழு வருஷமாக நான் நெஞ்சுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பாராட்டுக்கு என்ன அர்த்தம்? அன்றைக்கும் இவர்கள் குடித்தது காகிதத்தைத்தானா? ஒயினுக்குப் பதில் காவிரித் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் பட்டாகத்தான் இறங்கியிருக்குமா? இதற்கா நான் வருஷா வருஷம் திருட்டுத்தனமாக மெழுகு உருக்கினேன்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிரியாணிச் சட்டியைத் திறந்து ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டேன்.

"மேரி, நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரு. உன்னுதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியும்" என்று தம்ளரை நீட்டினார் இவர்.

நாக்கில் வைத்தேன். "தெரியுதுங்க" என்றேன்.

சாப்பிட்டு முடித்து நாலு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். காசிநாதனும் கண்ணையனும் வயிற்றைத் தடவிக்கொண்டே போனார்கள். இவர் ஈசிசேரில் சாய்ந்தவர், "மேரி, கொஞ்சம் மோர் கொண்டா. நெஞ்சு எரியுது" என்றார்.

"பட்டு மாதிரி எறங்குச்சே?" என்றேன்.

என்னை ஏறிட்டுப் பார்த்தார். வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். "அது காடி மேரி. வாயில வச்சவொடனே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏங்க சொல்லல?"

"காசிநாதன் பட்டுன்னுட்டானே. அவனும் என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சொன்னான், பாவம். அதுக்கு மேல நான் காடின்னா, பன்னெண்டு வருஷமா நான் பேசுனது என்னாவுறது?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாக்கு வேலை செய்கிறது! பொய் சொன்னது வாய்தான். கையில் இருந்த மோரை வைத்துவிட்டுக் கேட்டேன்: "சரிங்க. அப்ப 2001ல குடிச்சீங்களே, அது?"

"அதுவா?" அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "அது அமிர்தம் மேரி. சத்தியமா சொல்றேன், அந்த மாதிரி ஒண்ணை இந்த ஜென்மத்துல நான் குடிச்சதில்ல. இப்ப நெனச்சாலும் நாக்குல நிக்குது."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்த வார்த்தை. நாலு பேர் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். போதும், அதுவே போதும். ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். கண்ணை மூடினார். தம்ளரைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தார்.

"இதுதான்! மேரி, இதேதான்! எங்கேருந்து எடுத்தே?"

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். முதல் பாட்டிலில் கார்க் எழும்பியதிலிருந்து, ஊறுகாய், மெழுகு, கிறிஸ்துமஸ், எல்லாம். "இது போன கிறிஸ்துமஸுக்கு நான் போட்டதுங்க. அன்னைக்கு நீங்க குடிச்சதும் அந்த வருஷம் நான் போட்டதுதான்" என்று முடித்தேன்.

அவர் ஈசிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"யாருகிட்ட கதை விடுற? முப்பது வருஷமா உன் ஒயினைக் குடிக்கிறேன். இளசுக்கும் பழசுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? இது தொண்ணூத்தஞ்சு. ஒரு பாட்டிலை எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருந்திருக்க. ஃபிரிட்ஜுல இருந்ததால கெடல. கெட்டிக்காரிதான் நீ!"

"ஏங்க, மாதா மேல சத்தியமா..."

"ஒளிச்சு வச்சதுக்கு நான் கோச்சுக்கலடி. சந்தோசம்தான்" என்று எழுந்தார்.

மெழுகுவர்த்தியைத் தேடி எடுத்தார். பாட்டிலில் மிச்சமிருந்த என் ஒயினுக்குக் கார்க்கை அழுத்தி, சுற்றிலும் மெழுகு ஊற்றினார். காடி பாட்டிலிலிருந்து காகிதத்தைப் பக்குவமாக உரித்து இதில் ஒட்டினார். 'அரியலூர் மாவட்டம், 1995'. கொண்டுபோய்ப் பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டினார்.

"இது மாவட்டத்துக்குப் பத்து வயசு ஆவுறப்போ" என்றார். "இந்தத் தடவை கலைக்க மாட்டாங்க."

நான் அடுப்படிக்குப் போனேன். மூலையில் இந்த வருஷத்து ஜாடி துணி கட்டி நின்றது. அன்றைக்கு இன்னும் கிளறவில்லை. மேடைமேல் காடி பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கூடையிலிருந்து பூண்டை அள்ளிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கண் எரிந்தது. பூண்டு உரித்தால் கண் எரியாது என்பது எனக்கும் தெரியும்.

அரைஞாண் கயிற்றில் சாவியை முடிந்துகொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார் அவர்.

"ஊறுகாயா? போடு, போடு" என்றார். "ஊறுகான்னா உன் கைதான் மேரி."